கேழ்வரகு பீர்

என் கணவர் தன் கூட்டாளியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்கள். சம்பளச் சனிக்கிழமைகளில் எர்ணாவூர் பக்கம் முள்ளுக்காட்டில் சேர்ந்து கள்ளச்சாராயம் குடிப்பவர்கள். அந்தச் சனிக்கிழமை இவருக்கு இரட்டை ஷிப்ட் விழுந்தது. கூட்டாளி தனியாகப் போனார். சரக்கில் வார்னிஷ் கலந்திருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"வுட்டுர்றேன்னு சொன்னா பொய்யி, டீச்சர்," என்றார். "வூட்லயே எதுனா பண்ணிக் குடு. அது ஆவுற வரிக்கும் அந்தப் பக்கம் போவல. மாதா மேல சத்தியம்."

டீச்சர் என்பது என் வேலை. கேலி செய்யும்போதும் கெஞ்சும்போதும் என் பெயரும் அதுதான். பள்ளியில் வேதியியல் நடத்தினேன். நொதித்தலைக் கரும்பலகையில் ஒரு சமன்பாடாக எழுதிப் போட்டு, இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கேட்பேன். மதுவிலக்குச் சட்டமும் எனக்குத் தெரியும். சட்டத்தை மதித்து விதவையாவதைவிட அதை மீறுவது மேல் என்று முடிவு செய்தேன்.

இராயபுரத்தில் எங்கள் தெருவில் கிறிஸ்துமசுக்குத் திராட்சை ஒயின் போடாத வீடு குறைவு. ஆனால் ஒயின் கோயில் சமாச்சாரம், அது தனக்கு இறங்காது என்பார் அவர். ஆகவே பீர். பீருக்குப் பார்லி முளைக்க வேண்டும்; கடையில் விற்றதோ தோல் தீட்டியது. சொர்க்கத்துக்கே அனுப்பினாலும் முளைக்காது. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, பொடித்து, வெப்பமானி வைத்துப் பார்த்த வெந்நீரில் ஊறவிட்டு, வடிகட்டிக் காய்ச்சினேன். கசப்புக்கு நிலவேம்பு. ஆறியதும் பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட். எல்லாவற்றையும் பெரிய ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, கார்க்கில் ரப்பர் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் நிறைந்த பாட்டிலுக்குள் விட்டேன். குமிழி வந்தால் உள்ளே ஈஸ்ட் வேலை செய்கிறது என்று பொருள்.

வந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவர் ஜாடி முன்னால் குந்திக்கொண்டு, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டொரு நாளில் அது நின்றுவிட்டது.

"இன்னா டீச்சர், மூச்சு நின்னுபோச்சா?"

புதைத்துவிட்டு வந்த மனிதர் கேட்கிற கேள்வி அது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பள்ளி ஆய்வகத்திலிருந்து ஹைட்ராமீட்டரைக் கைப்பையில் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்தேன். மிதக்கவிட்டால், சர்க்கரை குறையக் குறைய அந்தக் கண்ணாடிக் குழாய் இன்னும் ஆழமாக இறங்கும்.

எங்களோடு இருந்த அவருடைய அக்கா எட்டிப் பார்த்தார். "பால்ல தண்ணி கீதான்னு பாக்குறதாச்சே இது. பால்காரன் மேல இன்னா சந்தேகம்?"

நாளுக்கு நாள் ஹைட்ராமீட்டர் இறங்கியது. உள்ளே உயிர் இருக்கிறது, வெளியே மூச்சு இல்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு நிலை இல்லை. புத்தகம் எழுதியவர்களுக்கு நாத்தனார் இல்லை போலும்.

பள்ளி அரைநாளோடு விட்ட ஒரு மதியம் வீட்டுக்கு வந்தேன். அக்கா கார்க்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, மரக்கரண்டியால் ஜாடியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"நீ பாட்டுக்கு மூடி வெச்சிட்டு இஸ்கூலுக்குப் பூட்ற. டெய்லி ஒரு தபா கெலறலேன்னா மேல ஆட கட்டிக்காது?"

"இது ஒயின் இல்லக்கா. தெறக்கவே கூடாது."

"அமுக்கி மூடுனா அது எப்டி மூச்சு வுடும்? அதான் கார்க்க லேசா வெக்கிறேன்."

தெருவிலேயே பேர்போன ஒயின் அவருடையது. அந்த முறைப்படிதான் செய்திருக்கிறார். குமிழியாக வரவேண்டிய வாயு கார்க்கின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. குனிந்து முகர்ந்தேன். வினிகர்போல மெல்லிய காடி நெடி. கோபப்பட வாய் திறந்தேன். அதற்குள் அவர் மறுபடி கிளற ஆரம்பித்திருந்தார், ஒவ்வொரு சுற்றுக்கும் உதடு அசைய ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். தம்பிக்காகத்தான். கார்க்கை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

சம்பளச் சனிக்கிழமை வந்தது. அன்றைய அளவும் முந்தைய நாள் அளவும் ஒன்றே. அளவு மாறாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது, அதுதான் விதி. முடிந்தது, சரியாக முடியவில்லை. இவ்வளவுதான் என் தீர்ப்பு. ஒரு டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினேன்.

ஒரு வாய் குடித்தார். விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு விழுங்கினார்.

"எப்டி கீதுடா?" என்றார் அக்கா.

என் கணவர் தெருவைப் பார்த்தார். அந்த வேளையில்தான் வழக்கமாக முள்ளுக்காட்டுக்குக் கிளம்புவார்.

"இன்னும் ஆவல."

"நொரையெல்லாம் அடங்கிப்போச்சேடா."

"ஆவலன்னா ஆவல. குடிக்கிறவன் நானா நீயா?"

ஆகியிருந்தது. காடி எது, சாராயம் எது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகிவிட்டது என்று சொன்னால் சத்தியமும் அங்கேயே முடிந்துவிடும். இரண்டு அளவும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. முப்பது பிள்ளைகள் முன்னால் என்றால் சொல்லியிருப்பேன். ஹைட்ராமீட்டரைத் துடைத்துப் பஞ்சில் சுற்றினேன். அவர் டம்ளரில் மிச்சமிருந்ததை ஜாடியிலேயே ஊற்றி, கார்க்கைத் தன் கையால் அழுத்தி மூடினார்.

அடுத்த சம்பளச் சனிக்கிழமை துறைமுகத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். ஜாடிக்குள் இருந்தது அதற்குள் சுத்தமான காடியாகியிருந்தது.

"ஆச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல," என்றேன்.