மின்ரயிலில் கேட்ட பல்லவி

அண்ணனூரில் வசிக்கும் கர்நாடக இசையமைப்பாளர் ஒருவரின் வாழ்க்கையைத் தேதிவாரியாக எழுதிவருகிறேன். இன்னும் அரங்கேறாத அவருடைய கீர்த்தனையின் பல்லவியை, ஆவடி மின்ரயிலில் பார்வையற்ற பெண்ணொருவர் பாடிக்கொண்டு வந்தார். இசையமைப்பாளர்தான் இந்தப் பெண்ணிடமிருந்து திருடிவிட்டார் என்றே நினைத்தேன். அம்பலப்படுத்திவிடும் வேகத்தில் எழுந்து போனேன்.

“இந்தப் பாட்டு ஏதும்மா?”

“அண்ணனூர் ஐயா போட்டது. புதுசா எது போட்டாலும் மொதல்ல என்னைத்தான் பாடச் சொல்லுவாரு. ரயிலு பொட்டில பேச்சு நிக்கலன்னா பாட்ட மாத்திடுவாரு.”

“நம்புற மாதிரி இல்லையே.”

“நீ இன்னா போலீசா நைனா? நேத்து ஒருத்தரும் கண்டுக்கல. இன்னிக்கு நீ எழுந்தே வந்துகீற!”

மாலையில் இசையமைப்பாளர் பூரித்துப்போயிருந்தார். “நம்ம பல்லவியைக் கேட்டு ரயில்ல ஒருத்தர் எழுந்தே வந்துட்டாராம் சார்! இனி ஒரு ஸ்வரத்தையும் மாத்தமாட்டேன்.”

அந்த ஒருவர் ஏன் எழுந்தார் என்பதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.