அம்மா கையின் ஈய வாசனை

வீட்டு விஷயமாயிற்றே என்று இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். இன்று காக்களூர் கம்பெனியில், நின்றுபோன மெஷினின் பவர் சப்ளை போர்டில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் பழுதாகியிருந்தது; அதைக் கழற்றிப் புதிதை ஈயத்தால் பற்றவைத்தேன். ஈயப் புகை எழுந்ததும் அம்மா நினைவு வந்துவிட்டது.

அம்மாவும் இதே வேலைதான். சாயங்காலம் வீடு திரும்பியதும், "இந்த நாத்தத்தோட விளக்கேத்துனா பெருமாளுக்கே தும்மல் வரும் அண்ணி" என்று அத்தை தடுப்பாள். அம்மா முகம் வாடி ஒதுங்கிவிடுவாள்.

ஒரு மார்கழியில் கோயில் மைக் செட் ஊமையானது. அம்மா அதைத் திறந்து ரெகுலேட்டரை மாற்றினாள். தெருவெல்லாம் பாசுரம் கேட்டது. அவள் கையைப் பிடித்து நிமிர்ந்து நடந்து வந்தேன்.

வாசலிலேயே அத்தை தீப்பெட்டியை நீட்டினாள். "பெருமாள் தும்மலியே, பாட்டு கேட்டுக்கினுல்ல கீறாரு! கை கழுவாத, அப்படியே ஏத்து அண்ணி."

இன்று வீடு திரும்பியதும் நானும் கை கழுவாமல் அப்படியே விளக்கேற்றினேன். யாரிடமாவது இதைச் சொன்னால், அந்த ஈய வாசனையைக் கழுவிவிடாமல் சொல்லுங்கள்.