வாசலில்லாத வீடு

மகள் டேப்லெட்டில் கட்டை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டைத் திறந்து, "அம்மா, பூதங்க வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு எனக்கு வற்றல் மிளகாய் நெடியும் ஏறியது.

நான் சிறுமியாக இருந்தபோது ஆரியசாலைக் கடைவீதியில் மிளகாய் மொத்தக் கடையின் மாடியில் குடியிருந்தோம். அப்பா அந்தக் கடையில் மூட்டை பிரித்துத் தரம் பார்ப்பவர். கை கழுவாமல்தான் அம்மாவை அடிப்பார். அடியின் வலி போன பிறகும் கன்னத்தில் எரிச்சல் நிற்கும். மரப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நானும் அண்ணனும் பழைய கம்ப்யூட்டரில் இதே விளையாட்டுக்குள் ஒளிந்துகொள்வோம்.

என் முறை வந்தால் பூதங்களை நிறுத்திவிட்டுக் கல்லாலேயே வீடு கட்டுவேன். வாசலே வைக்க மாட்டேன். அண்ணன் எல்லாப் பூதங்களையும் திறந்துவிடுவான். ஒருநாள் எங்கள் மாடிப்படியை அப்படியே கட்டி, அடியில் வெடி வைத்து, படியில் ஓர் ஆளை நிறுத்தினான். அன்று அப்பா செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அது ஆருலே?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வெடியைப் பற்றவைத்தான்.

கீபோர்டைப் பிடுங்கி, அது இரண்டாக உடையும்வரை அப்பா அவனை அடித்தார். காதிலிருந்து ரத்தம் வடிய, அண்ணன் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, பறயூ!" பதில் சொல்லச் சொல்லி மகள் உலுக்கினாள். நேற்று அவள் கட்டிய வீடு திரையில் நின்றது. நாலு பக்கமும் வாசல். அப்போது மாடிப்படியில் அவள் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. என் முதுகு விறைத்தது.

அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.