ழ நுழையாத கணினி

பங்காருபேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்த நாட்களில், டிவியோடு இணைக்கும் சின்னக் கணினி ஒன்று வாங்கினேன். அதற்குத் தமிழ் தெரியாது. ஆனால் எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் புள்ளிகள் வைத்து நாமே எழுத்துகளை வரைந்துகொள்ளலாம்.

அப்பா தங்கச் சுரங்கத்தில் கடைசி ஷிப்ட் முடித்து, ஓய்வு பெற்று வரும் நாளில், டிவியில் 'அப்பா வாழ்க' என்று மின்ன வைக்க ஆசைப்பட்டேன். 'ழ்' மட்டும் கட்டத்தில் அடங்கவில்லை. மேலே புள்ளி வைத்தால் கீழே வாலுக்கு இடமில்லை. வாலை மடக்கினால் நத்தை மாதிரி தெரிந்தது. வேறு வழியில்லாமல் அதை விட்டுவிட்டு 'ள்' போட்டுவிட்டேன்.

வீடு நிறைய அப்பாவின் ஷிப்ட் கூட்டாளிகள். நான் கூச்சத்தோடு கணினியைப் போட்டேன். அப்பா கண் கலங்கி, உரக்கப் படித்தார்: "அப்பா வாள்க!" கூட்டாளிகளும் "வாள்க! வாள்க!" என்று கத்தினார்கள். அவர்கள் வாயில் அந்தச் சொல் என்றைக்குமே அப்படித்தான்.

தமிழ் டீச்சரான சித்தி மட்டும் என் காதைத் திருகினார். "இன்னாடி இது? ழ எங்க?"

"இடம் பத்தல சித்தி."

"எழுந்திரு, நான் போடறேன்."

பாயசம் ஆறும்வரை சித்தி புள்ளி வைத்தார். அப்பா எட்டிப் பார்த்தார். "இது இன்னாம்மா, எலியா?"

சித்தி எலியை அழித்தார். "இன்னிக்கு ஒருநாள் வாள்கவே இருக்கட்டும் மாமா."

அன்று எங்கள் டிவியில் செய்திகூட ஓடவில்லை. அப்பா அணைக்க விடவில்லை.