ஏழாம் குழாயில் க்ளைவின் பியர்

க்ளைவ் பாஸ்கோ இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஒருநாள்கூடத் தாமதம் இல்லை, ஒரு பிள்ளையைக்கூட வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை. இப்படி ஒழுங்காக ஓட்டுகிறவரைப் பற்றிப் பேச ஊருக்கு என்ன இருக்கிறது? யாரும் பேசவில்லை. ஐம்பத்தெட்டாவது வயதில் அது அவரை உறுத்த ஆரம்பித்தது. கார் நிறுத்தும் கொட்டகையில் அண்டாவும் குழாயுமாக வாங்கிப் போட்டு, முறைப்படி உரிமமும் எடுத்து, பியர் காய்ச்ச இறங்கிவிட்டார். மனைவி நோலீனின் கார் அன்றிலிருந்து மழையில் நிற்கிறது.

எங்கள் ஊர் மொட்டுவேக்காவில் பியர் காய்ச்சுவதெல்லாம் ஒரு காரியமே இல்லை. சுற்றிலும் பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் ஹாப் கொடித் தோட்டம். தடுக்கி விழுந்தால் பியர் காய்ச்சுகிறவன் ஒருவன் மேல்தான் விழவேண்டும். காய்ச்சியதைப் பியர்க்கடை மாராமா தன் கடைக் குழாயில் ஏற்றுவதுதான் காரியம். அவள் கடையில் எட்டுக் குழாய்கள். பியர் வாங்க அவரவர் குடுவையை அவரவர் கொண்டுபோக வேண்டும். மூடியைத் திறந்து மாராமா முதலில் மோந்து பார்ப்பாள். பழைய வாடை கொஞ்சம் அடித்தாலும், "வீட்டுக்குப் போய்க் கழுவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். ஒருமுறை பாதிரியாரையே அனுப்பியிருக்கிறாள்.

காய்ச்சுகிறவர்களுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஐம்பது லிட்டர் பீப்பாய், இரண்டு வாரம். அதற்குள் தீர்ந்தால் அடுத்த பீப்பாய் கொண்டு வரலாம். தீராவிட்டால் மிச்சம் சாக்கடைக்கு, ஆள் வீட்டுக்கு. க்ளைவ் நாலு தடவை கெஞ்சினார்; ஐந்தாவது தடவை ஏழாம் குழாய் கிடைத்தது.

கிடைத்த மாதம் ஏப்ரல். இங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். அவர் காய்ச்சியது ஃபீஜோவாப் பழம் போட்ட பியர். கொய்யாவுக்குத் தூரத்துச் சொந்தமான அந்தப் பச்சைப் பழம், ஏப்ரல் வந்தால் எங்கள் ஊரில் மழையை மிஞ்சிக் கொட்டும். யார் வீட்டு வாசலைத் திறந்தாலும் யாரோ ஒரு பை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பூட்டாத காருக்குள் ஒரு வாளிப் பழத்தைத் தள்ளிவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு. ஜனவரியில் விற்றிருந்தால் அடிதடியே நடந்திருக்கும். போன வருஷப் பழத்தை உறைய வைத்துப் பக்குவமாகக் காய்ச்சிய மனிதருக்கு, எந்த மாதம் விற்கிறோம் என்று மட்டும் தோன்றவே இல்லை. பக்கத்து வீட்டுக்கு வேலி தாண்டிப் பழம் கொடுப்பதை நினைத்து, பியருக்கு 'வேலிக்கு மேலே' என்று பெயர் வேறு வைத்திருந்தார்.

முதல் வாரம் மூன்றே குடுவை போயிற்று. பஸ் நிறுத்தத்தில் பிள்ளையை ஏற்ற வந்த ஒரு தகப்பன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

"தப்பா நெனச்சுக்காத க்ளைவ். காலையில அந்தப் பழத்தைத் திங்குறேன், மத்தியானம் அதுலயே ஜாம். சாயங்காலம் குடிக்கவும் அதுவேன்னா நான் எங்க போவேன்?"

இரண்டாம் வாரம் க்ளைவ் தன் குடுவையை எடுத்துக்கொண்டு தானே போனார். மறுநாளும் போனார். நோலீனின் அக்கா வீட்டுக் குடுவை, பணிமனைக்காரர்களின் குடுவை என்று கிடைத்ததையெல்லாம் இரவல் வாங்கிக்கொண்டு போனார். ஒருநாள் தொப்பி மாற்றிப் போட்டுக்கொண்டு போனதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. ஆறடி மூன்றங்குல மனிதரைத் தொப்பியா மறைக்கும்?

மாராமா மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இதுல இன்னும் நேத்து ஊத்துன வாசனையே போகலையே. வீட்ல விசேஷமா?"

"சொந்தக்காரங்க வந்திருக்காங்க."

"குடிகாரச் சொந்தம் போல."

"ஆமாமா, ரொம்பத் தாகம் அவங்களுக்கு."

வீட்டில் நோலீனிடம் அந்தப் பொய்யும் செல்லாது. பாலுக்காகக் குளிர்பெட்டியைத் திறந்தவள், உள்ளே வரிசையாக நிற்கும் குடுவைகளைப் பார்த்தாள்.

"நீயே காய்ச்சி, நீயே வித்து, நீயே வாங்குறியே, இதுக்குக் கடை எதுக்கு? கொட்டகையிலயே வாயை வச்சுக் குடிச்சிருந்தா என் காராவது நனையாம இருந்திருக்கும்."

"ரெண்டாவது பீப்பாய் போகணும் நோலீன்," என்றார் அவர். "ஒரே ஒரு தடவை அவ என்னைக் கேக்கணும், அடுத்தது எப்போன்னு." நோலீன் ஓரத்துக் குடுவையைத் தள்ளிவிட்டுப் பாலை எடுத்துக்கொண்டாள்.

கெடுவின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குக் கடையில் நல்ல கூட்டம். க்ளைவ் குடுவையை நீட்டினார். மாராமா ஏழாம் குழாயைத் திருகினாள். பாதி நிரம்பியதும் குழாய் இருமி, நுரையைத் துப்பி, நின்றுவிட்டது. பீப்பாய் காலி! பீப்பாயைக் காலி செய்கிறவருக்குக் கை தட்டுவது அந்தக் கடை வழக்கம். கடையே தட்டியது. க்ளைவின் காது சிவந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கைதட்டல் அடங்குமுன் கதவைத் தள்ளிக்கொண்டு ஐல்சா வந்தாள். ஹாப் உலர்த்தும் சூளையில் மேற்பார்வை. எது நல்ல ஹாப், எது சொத்தை என்று பெரிய கம்பெனிக்காரர்களே அவளிடம்தான் கேட்பார்கள். அவள் வாய் திறந்து எதையும் பாராட்டி யாரும் கேட்டதில்லை. இரண்டு கையிலும் இரண்டு காலிக் குடுவை வைத்திருந்தாள்.

"ஏழாம் நம்பர். ரெண்டுலயும் ஊத்து."

"இப்பத்தான் தீந்துச்சு ஐல்சா."

"தீந்துச்சா? திங்கக்கெழமை ஒரு குடுவை வாங்குனதுலேர்ந்து அதே நெனப்பா இருக்கேன். இந்தப் பழத்தைக் கண்டாலே ஆகாத என்னையே குடிக்க வச்சுட்டான் க்ளைவ். யாரு மொத்தத்தையும் குடிச்சுத் தீத்த பாவி?"

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. க்ளைவ் கையிலிருந்த அரைக் குடுவையை அவள் பக்கம் நீட்டினார்.

"நான்தான்," என்றார்.

"நீயா? உனக்குத்தான் வீட்ல காய்ச்சத் தெரியுமே!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாராமா மட்டும் சிரிக்கவில்லை.

"மூணு நாளாத் தெரியும்," என்றாள். "நீங்களே வாங்கித் தீத்தா அது தீந்ததா ஆகாது. அதைச் சொல்லி அனுப்பிடலாம்னுதான் இன்னைக்குக் காத்துட்டிருந்தேன்."

க்ளைவ் தலையாட்டினார். கதவுப் பக்கம் திரும்பினார்.

"அனுப்பிட்டு என் குடுவைல என்னத்தை ஊத்துவ?" என்று கேட்டாள் ஐல்சா. இரண்டு காலிக் குடுவையையும் மேஜைமேல் வைத்தாள். எடுத்துப் போகிற உத்தேசம் இல்லை என்பது அவள் வைத்த விதத்திலேயே தெரிந்தது.

மாராமா அவளைப் பார்த்தாள், குடுவைகளைப் பார்த்தாள், கடைசியில் கதவருகே நின்ற க்ளைவைப் பார்த்தாள்.

"அடுத்தது எப்போ ஆகும்?"

"கொட்டகையில ஒண்ணு ரெடியாவே இருக்கு," என்றார் க்ளைவ்.

அவள் சாக்குக்கட்டியை எடுத்தாள். ஏழாம் குழாயின் பலகையைத் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிகிறமாதிரி பெரிதாக எழுதினாள்: 'வேலிக்கு மேலே. திங்கள் முதல். க்ளைவுக்கு விற்பனை இல்லை.'