உப்புத் தண்ணீரும் கார் சாவியும்

அப்பா சாவியைத் தாடைக்கு அடியில் கொண்டுபோனது சொறிந்துகொள்ளத்தான். சிறுநீரகம் செயலிழந்ததிலிருந்து அந்த அரிப்பு ஓய்வதே இல்லை. சொறிந்த வேகத்தில் பட்டன் அமுங்கிவிட்டது. வயலின் அந்தக் கோடியில் எங்கள் கார் கண்ணைச் சிமிட்டியது.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை அடைத்து, வண்டிகளை அறுவடை முடிந்த வயலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். டயாலிசிஸ் முடிந்து வந்தபோது எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கார்கள். எங்களுடையதும் வெள்ளை. கையை நீட்டி நீட்டிச் சாவியை அழுத்தினேன், பதிலே இல்லை. அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போதும்மா. அடுத்த வாரத்துலேர்ந்து மிஷினுக்கு நான் வரல."

"சும்மா எதனா சொல்லாதப்பா."

"சும்மா சொல்லல."

சாவியை அவர் கையில் திணித்துவிட்டு, எட்டிப் பார்க்க வரப்பில் ஏறினேன். அப்போதுதான் அந்தச் சிமிட்டல். திரும்பினால், சாவி அப்பாவின் தாடைக்கு அடியில்.

ஓடிவந்து சாவியைப் பிடுங்கினேன். கையை நீட்டி அழுத்தினேன், ஒன்றுமில்லை. என் தாடையில் ஒட்டிவைத்து அழுத்தினேன், சிமிட்டியது!

"பைத்தியமா உனக்கு? ஜனங்க பாக்குது."

காரில் ஏறியதும் படபடவென்று விளக்கினேன். "நம்ம தலைக்குள்ள பெரும்பாலும் உப்புத் தண்ணிதான்ப்பா. சாவியை ஒட்டி வெச்சா அதுவும் சேந்து ஆன்டெனா மாதிரி ஆயிடுது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்குக் குடிக்கத் தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுக்கிற வீடு எங்களுடையது. அவர் முன்னால் அந்தச் சொல்லையே யாரும் எடுக்கமாட்டோம்.

கூட்டத்தைக் கடந்து வேங்கிக்கால் தாண்டினோம். அப்பா, "எனக்குத்தான் உடம்புல தண்ணி ஜாஸ்தியாச்சே. அவ்ளோ தூரம் செங்கத்துலேர்ந்து அழுத்துனாக்கூட வண்டிக்குக் கேக்கணுமே?" என்றார்.

சிரிப்பதா என்று தெரியாமல் அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மிஷின்ல அதை எடுத்துட்டா தூரம் கம்மியாயிடுமா?"

"பெருசா வித்தியாசம் இருக்காதுப்பா. ஆனா பாத்தாத்தானே தெரியும்."

"பாத்துடு. சாவியை நான்தான் புடிப்பேன்."

பார்க்க வேண்டுமென்றால் அவர் டயாலிசிஸுக்கு உள்ளே போய்த்தான் வெளியே வரவேண்டும். அதை யோசித்துத்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப்போவதுமில்லை.

அடுத்த முறை சீக்கிரமே கிளம்புகிறோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கும் வெட்டவெளியில் காரை நிறுத்தி, அப்பா சாவியைத் தாடையில் வைத்து அழுத்திக்கொண்டே விலகிப் போக, கடைசியாகக் கார் சிமிட்டுகிற இடத்தில் கோலமாவால் ஒரு கோடு போடுவேன். அப்பா வெளியே வந்ததும், முடிந்தால் நடந்து, முடியாவிட்டால் சக்கர நாற்காலியில், அதே கோட்டுக்கு அழைத்துப்போய் இன்னொரு தடவை அழுத்தச் சொல்வேன்.