தலைவலிச் சாமியின் கை

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புலம்பாத வாரம் ஏது? அதனால்தான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தலைவலிச் சாமி இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், கூச்சமே இல்லாமல் தைலப் புட்டியோடு கிளம்பினேன்.

தோப்பு கவிதாவின் மாமனாருடையது. கஞ்சிக்கோட்டில் ஒரே ஆபீஸில் என்னோடு குப்பை கொட்டியவள் கவிதா. அவளுடைய தலைச்சன் பிள்ளைக்கு அன்று முதல் மொட்டை. கூடவே என் தோழி சுமதியும் வந்தாள். பழைய கற்சிலைகளை ஆராய்கிறவள். முன்பெல்லாம் கல்லை மட்டும் படம் பிடித்துப் போய்விடுவார்களாம். இப்போது அந்தக் கல்லை ஊர் எப்படிக் கும்பிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்களாம்.

சாமி இடுப்பளவு உயரம். எண்ணெயும் தைலமும் அப்பி அப்பி, கன்னங்கரேல் என்று ஒரு மனித உருவம். ஒரு கை தன் உச்சிமுடியைப் பிடித்திருந்தது. “மண்டை விண்விண்ணுனு தெறிச்சா நாமளும் இப்பிடித்தானுங்க புடிச்சுக்குவோம்?” என்றார் மாமனார். எவ்வளவு நியாயமான விளக்கம்! நானும் அதன் நெற்றியில் இரண்டு சொட்டு தைலம் தடவினேன்.

சுமதி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி, வெயிலைப் பக்கவாட்டில் கல்லின் மேல் சாய்த்தாள். தேய்ந்த சிற்பம் அப்படித்தான் தெரியுமாம்.

தெரிந்தது... இன்னொரு கை. அந்தக் கையில் ஒரு கத்தி. கத்தி கழுத்தில்.

“தலைவலி இல்லைங்க” என்றாள் சுமதி மெதுவாக. “அரிகண்டம். எதையோ வேண்டிக்கிட்டு, தன் தலையைத் தானே அறுத்துக் கொடுத்தவன். அந்தக் காலத்துல அப்படிப்பட்டவங்களுக்குக் கொங்குல நிறையக் கல்லு நட்டிருக்காங்க.”

அந்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அதில் வலியே இல்லை. லேசான சிரிப்பு. என் விரலில் தைலம் ஜில்லென்று இருந்தது. பயந்துதான் போனேன்.

கவிதா என்னைவிட அதிகமாகப் பயந்தாள். ஏன் தெரியுமா? அந்த வீட்டில் முதல் மொட்டைக்கு மொட்டை என்று பெயரில்லை. ‘தலை குடுக்கறது’ என்றுதான் சொல்வார்கள். தாய்மாமன் மூன்று முறை கேட்க வேண்டும், தாய் ‘குடுத்தோம்’ என்று பதில் சொல்ல வேண்டும். காலங்காலமாக இதுதான் வழக்கம். தலைச்சன் பிள்ளைக்கு மட்டும்.

“பேச்சு வழக்குதானே கவிதா...” என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

பிள்ளையை மடியில் வைத்துக் கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வீரிட்டுக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கி, கல்லையே பார்த்தது. தோப்பில் ஒரு மட்டைகூட அசையவில்லை.

“தலை குடுக்கறயா?” அவளுடைய அண்ணன் கேட்டார்.

கவிதா கல்லின் கழுத்திலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

“தலை குடுக்கறயா?”

பிள்ளையின் உச்சியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“தலை குடுக்கறயா, கவிதா?”

“இல்லீங்ணா. முடிதான். எம் பையன் முடிய மட்டுந்தான் குடுக்கறேன்.”

அண்ணன் திகைத்துப்போய் மாமனாரைப் பார்த்தார். சாமி ஏற்றுக்கொண்டது என்று வீட்டுப் பெரியவர் சொன்னால்தான் முடியில் கத்தி வைக்கலாம். பெரியவர் கல்லின் அருகே போய், அதன் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“எங்கம்மாவுக்கு, எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தானுங்க” என்றார். “இங்கதான் தலை குடுத்தாங்க. மறு வருசம் அவன் இல்லீங்க. ஏன்னு எங்கம்மா ஒருநாளும் கேக்கல. ‘குடுத்தோம்’னு சொன்னவங்களுக்குக் கேக்கோணும்னு தோணியிருக்காது.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சாமி ஏத்துக்கிச்சு. முடியே போதுமாம். எடுங்க.”

பிள்ளை வீரிட்டு அழுதது. அவ்வளவு நிம்மதியான அழுகையை நான் கேட்டதே இல்லை.

அந்த மூத்த பிள்ளை காய்ச்சலில்கூடப் போயிருக்கலாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது... பகலில்.

ஆயிரம் வருடப் பழக்கமெல்லாம் எப்போது, எப்படி மாறியது என்று ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே — இந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். போன ஞாயிறு, பதினொன்றே கால் மணிக்கு.